பொத்தான்களுக்கு அடியில்

கீபோர்டு சுத்தமாக இருந்தது. அவளுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

தங்கையின் பிரசவத்துக்கு ஒத்தாசையாகப் போனவள், பத்து நாள் கழித்து அன்று காலைதான் வீடு திரும்பியிருந்தாள். பையைக் கூடத்தில் போட்டுவிட்டு, கால்கூடக் கழுவாமல் நேராக வேலை அறைக்குப் போனாள். ஜன்னலோர மேசை, கம்ப்யூட்டர், டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்பும் நோயாளிக் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வதற்கான ஹெட்போன், எல்லாம் வைத்தது வைத்தபடியே இருந்தன. இந்தப் பத்து நாளில் மூட்டை அந்த மேசையை என்ன பாடு படுத்தியிருக்கும் என்று வழியெல்லாம் நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்திருந்தாள். மூட்டை அவளுடைய பூனை. சாம்பல் நிறம். எங்கே உட்கார்ந்தாலும் சிமெண்டு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருக்கும் என்பதால் அந்தப் பெயர். அவள் நாற்காலியை விட்டு எழுந்த மறுநிமிடம் அது படுப்பது கீபோர்டின் மேல்தான்.

ஆனால் பொத்தான்களின் மேல் ஒரு முடி இல்லை. இடுக்குகளில் தூசி இல்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். கடையிலிருந்து அன்றுதான் வாங்கி வந்ததுபோல் மினுமினுத்தது. முகர்ந்து பார்த்தாள். ஸ்பிரிட் வாடை. அதற்கு அடியில் வேறு ஏதோ ஒரு வாடை, ஈரத் துணியை மூடி வைத்ததுபோல.

"மூட்டை!" என்று கூப்பிட்டாள்.

வாசலில் கணவன் வந்து நின்றான்.

"வந்ததும் வராததுமா அவருக்குத்தான் முதல் மரியாதையா?" என்று சிரித்தான். "அக்கா வீட்ல விட்டிருக்கேன். நேத்து சாயங்காலம்தான். ராத்திரி பூரா பஸ்ல வந்திருப்ப, நீ அசந்து தூங்கணும்ல? உன் மூட்டைப்பூச்சி விடுமா?"

"அண்ணிக்குத் தொந்தரவுங்க. இன்னைக்கே போய்க் கூட்டிட்டு வந்துடலாம்."

"ரெண்டு நாள் போகட்டுமே." மேசையைக் காட்டினான். "கீபோர்டை நானே க்ளீன் பண்ணினேன். எப்படி இருக்கு?"

அவன் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவன். ஒரு தூசி ஒட்டினாலும் பொறுக்காத கண். அதனால் அவன் சுத்தம் செய்ததில் அவளுக்கு ஆச்சரியமில்லை. பாராட்டுக்குக் காத்திருந்த அந்த முகம்தான் என்னவோ போலிருந்தது. புழுக்கமான அந்தக் காலையில் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை இழுத்துப் பொத்தான் போட்டிருந்தான்.

"ரொம்ப நல்லா இருக்குங்க," என்றாள்.

அவளுக்கு அந்தக் கீபோர்டோடு ஒரு பெரிய கதையே உண்டு. ஊருக்குப் போவதற்கு இரண்டு மாதம் முன்னால், பூஜ்யப் பொத்தானுக்கு அடியில் முடி சுருண்டு போய், ஒருமுறை அழுத்தினால் இரண்டுமுறை விழ ஆரம்பித்திருந்தது. இதயநோயாளி ஒருவருக்கு டாக்டர் சொன்ன மருந்தின் அளவு பத்து மடங்காகத் தட்டச்சாகிவிட்டது. சரிபார்க்கிறவர் கடைசி நேரத்தில் கண்டுபிடித்ததால் ஓர் உயிர் தப்பியது, அவளுடைய வேலையும் தப்பியது. மேலாளர் போனில் கூப்பிட்டு, "இன்னொரு தடவை இப்படி நடந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா," என்று சொல்லிவிட்டார். அன்று கணவனின் தோளில் சாய்ந்து அழுதாள். அன்றிலிருந்து கீபோர்டைக் கவனிப்பது பல் தேய்ப்பதுபோல் ஆகிவிட்டது. வயரைப் பிடுங்கி, செய்தித்தாளின் மேல் கவிழ்த்துத் தட்டுவாள். முகப்பவுடர் போடும் பிரஷால் இடுக்குகளைத் துடைப்பாள். வாரம் ஒருமுறை, எந்தப் பொத்தான் எங்கே என்று போனில் படமெடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட் நனைத்து அடியெல்லாம் துடைத்து, காயவிட்டு மாட்டுவாள். வேலை முடிந்தால் மேலே ஒரு துண்டைப் போட்டு மூடுவாள். மூட்டை அந்தத் துண்டின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டு, யாருக்கு வந்த விருந்தோ என்று பார்க்கும்.

அன்று பிற்பகல் வேலையில் உட்கார்ந்தபோது பூஜ்யம் இடித்தது. பஞ்சின்மேல் அழுத்துவதுபோல் பொத்தான் மெத்தென்று போய்த் திரும்பியது. நெம்பி எடுத்தாள். உள்ளே ஒரே ஒரு சாம்பல் நிற முடி.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவ்வளவு பெரிய லென்ஸ்காரர், ஒன்றை விட்டுவிட்டார். முடியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். பூனை இல்லாத வீட்டில் அது ஆறுதலாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை மூன்று பொத்தான்களுக்கு அடியில் இருந்தது. மதியத்துக்குள் ஏழு. கவிழ்த்துத் தட்டினால் விழவில்லை. பிரஷுக்கு வரவில்லை. கண்புருவம் திருத்தும் இடுக்கியால் பிடித்து இழுத்தபோதுதான் வந்தது, அதுவும் லேசாக ஒரு பிடிமானம் விட்டு. இழுத்த முடியின் நுனியை வெளிச்சத்தில் பார்த்தாள். வேர் இருந்தது. வெள்ளையாக, ஈரமாக.

மூட்டைக்கு இது முடி உதிரும் பருவம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். சோபாவில் ஒரு முடி இல்லை. மெத்தையில் இல்லை. மின்விசிறிச் சிறகில்கூட இல்லை. அதன் தட்டும் தண்ணீர்க் கிண்ணமும் பரணில் கவிழ்ந்து கிடந்தன. இரண்டு நாளுக்காக அக்கா வீட்டுக்குப் போன பூனையின் தட்டை யார் கழுவித் துடைத்துப் பரணில் ஏற்றுவார்கள்?

சாயங்காலம் அவன் வந்ததும் கேட்டாள்.

"நாளைக்குப் போலாங்களா, மூட்டையைக் கூப்பிட?"

"நாளைக்குக் கடையில வேலை இருக்கு," என்றான். பிறகு சாதாரணமாக, காபி இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி, "கீபோர்டு சுத்தமாத்தானே இருக்கு?" என்றான்.

"இருக்கு."

ஏன் பொய் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

மூன்றாம் நாள் பிற்பகல் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்றில்லை. எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகளை யாரோ அவசரமாக உருவும் சத்தம், தெருமுனையில் ஒரு ஆட்டோ இருமி இருமி நிற்கும் சத்தம், அதன்பின் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது போன்ற ஓர் அமைதி. கீபோர்டைத் தொட்டவள் கையை இழுத்துக்கொண்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலில் கிடந்த வெதுவெதுப்பு இல்லை அது. மடியில் கிடந்த வெதுவெதுப்பு. பொத்தான்களின் இடுக்குகளிலெல்லாம் சாம்பல் நிறம் பூத்திருந்தது, மழைக்குப் பின் சுவரில் பாசி பூப்பதுபோல.

நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

"அண்ணி, மூட்டை என்ன பண்றான்? ரொம்பப் படுத்துறானா?"

"யாரு மூட்டை?"

"பூனை அண்ணி. உங்க தம்பி அங்கதானே கொண்டாந்து விட்டாங்க."

"இங்கயா? என்னம்மா நீ! பூனை பக்கத்துல வந்தாலே எனக்கு மூச்சிழுக்கும். சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். அவனுக்குத் தெரியாததா?" பிறகு நாத்தனாரின் குரல் தாழ்ந்தது. "ரெண்டு பேருக்கும் ஏதாவது சண்டையா?"

"இல்லை அண்ணி," என்றாள். "சும்மாதான் கேட்டேன்."

போனைக் கீழே வைக்காமலே, தங்கை வீட்டில் இருந்தபோது அவன் அனுப்பிய படங்களைத் திறந்தாள். நாளுக்கு ஒன்று, பத்துப் படங்கள். ஒவ்வொரு காலையும் தங்கையின் படுக்கையருகே உட்கார்ந்து, கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, ஆசை ஆசையாகப் பார்த்த படங்கள். 'உன் மூட்டை நல்லா தூங்குது' என்று ஒவ்வொன்றின் அடியிலும் எழுதியிருந்தான். ஜன்னலில் மூட்டை. நாற்காலியில் மூட்டை. கீபோர்டின் மேல் மூட்டை. சோபாவில், மிதியடியில், செருப்பு அலமாரியில்.

பெரிதாக்கிப் பார்த்தாள்.

இடம் மாறியிருந்தது. வெளிச்சம் மாறவில்லை. பத்துப் படத்திலும் ஒரே பகலின் ஒரே வெளிச்சம். பத்துப் படத்திலும் இடது முன்னங்கால் உள்பக்கமாக மடங்கியிருந்தது, ஒரே கோணத்தில். பத்துப் படத்திலும் வாய் அதே அளவுக்குத் திறந்திருந்தது. ஒரு கண் முழுதாக மூடவில்லை.

முதல் நாளிலிருந்தே.

அவள் பேருந்து ஏறிய நாளிலிருந்தே.

மூட்டையை ஒவ்வோர் இடமாகத் தூக்கி வைத்து, சரிசெய்து, படமெடுத்து, பத்திரப்படுத்தி, நாளுக்கு ஒன்றாக அனுப்பியிருக்கிறான். அவளும் நாளுக்கு ஒருமுறை, 'என் தங்கத்துக்கு முத்தம் கொடுங்க' என்று பதில் போட்டிருக்கிறாள். எட்டு வருடக் கல்யாணம். காய்ச்சலில் கிடந்தபோது விடிய விடிய நெற்றியில் ஈரத்துணி போட்டவன். அந்தக் கைதான்.

பூட்டில் சாவி திரும்பும் சத்தம். அதே நேரத்தில் மழையும் பிடித்துக்கொண்டது. கரண்ட் போனது.

அவன் அறை வாசலில் வந்து நின்றான். நனைந்த சட்டை கையோடு ஒட்டியிருந்தது. துணிக்கு அடியில், முழங்கைவரை நீள நீளமாகக் கோடுகள் தெரிந்தன.

"மூட்டை எங்கங்க?"

அவன் புறங்கையால் முகத்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அண்ணிகிட்டப் பேசிட்டேன். போட்டோவையும் பார்த்துட்டேன். எங்கங்க அவன்?"

"நீதானே சொன்ன," என்றான். குரலில் கோபமில்லை. குறைபட்டுக்கொள்கிற குரல். "அன்னைக்கு அழுதப்போ. ஒண்ணு அது இருக்கணும், இல்ல என் வேலை இருக்கணும்னு."

"அழுகையில சொன்னதுங்க அது! அதைப் போய்..."

"உனக்காகத்தான் பண்ணேன்."

எட்டு வருடத்தில் அவள் சொன்ன எத்தனையோ வார்த்தைகள். ஆசையாகச் சொன்னது, கெஞ்சிச் சொன்னது, தூக்கத்தில் உளறியது. அதில் இந்த ஒன்றைத்தான் அவன் பொறுக்கி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறான். அவளுடைய வாயிலிருந்தே எடுத்து, அவளை நம்பித் துண்டின் மேல் தூங்கிய ஒன்றைக் கொல்வதற்கு.

அவன் மேசையைப் பார்த்தான். "இன்னும் வருதா?"

"என்ன?"

"முடி. எனக்கும் வந்துச்சு. மொத நாள் ராத்திரியே ஆரம்பிச்சிருச்சு. பிரஷ் போட்டேன், ஸ்பிரிட் போட்டேன், பத்து நாளும் இதே வேலைதான். எதுக்கும் போகல." அருகே வந்து வயரைப் பிடுங்கினான். கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் கீபோர்டை ஏந்திக்கொண்டான். "அப்புறம்தான் எப்படிப் பண்ணணும்னு தெரிஞ்சுது. நீ இரு. வந்துடறேன்."

பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அவள் ஓடியிருக்க வேண்டும். வாசல் பத்தடி தூரம்தான். செருப்பைக்கூட மாட்டிவிட்டாள், தாழ்ப்பாளில் கையும் வைத்துவிட்டாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஓட்டின்மேல் மழை கொட்டும் இரைச்சலுக்கு அடியில், உப்புத்தாளால் மரத்தைத் தேய்ப்பதுபோல. நீளமாக ஒரு இழுப்பு. நிறுத்தம். மறுபடி ஒரு இழுப்பு. அவசரமே இல்லாத, ரொம்ப நிதானமான, பழகிப்போன சத்தம். எங்கேயோ கேட்ட சத்தம். தினம் தினம் கேட்ட சத்தம். எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

போகாதே என்று கால் சொன்னது. கை கதவைத் தள்ளியது.

இருட்டு. ஜன்னல் வழியே மழையின் சாம்பல் வெளிச்சம். அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். முதுகு வளைந்து. மடியில் கீபோர்டு. பொத்தான்களையெல்லாம் கழற்றி வரிசை வரிசையாகத் தரையில் அடுக்கியிருந்தான். தலை குனிந்திருந்தது.

நக்கிக்கொண்டிருந்தான்.

ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை. ஒரு இழுப்பு. விழுங்கினான். அடுத்த வரிசை. ஒரு இழுப்பு. விழுங்கினான். நாக்கு போன இடத்தில் முடி இல்லை, தூசி இல்லை. மினுமினுத்தது.

அவள் மூச்சு வெளியே கேட்டுவிட்டது.

தலையைத் தூக்கினான். வாயோரத்தில் சாம்பல் நிறமாக ஒன்று ஒட்டியிருந்தது. நாக்கின் நுனி அதைத் தேடி வந்து எடுத்து உள்ளே போனது. அவளைப் பார்த்துக் கண்களை மெல்ல மூடினான். மெல்லத் திறந்தான்.

"சுத்தமாயிடுச்சு," என்றான்.

அவள் நகரவில்லை. நகர முடியவில்லை. அவன் எழுந்திருக்காமலே கையை நீட்டினான். மணிக்கட்டைப் பிடித்தான். வலிக்காமல்தான் பிடித்தான். இழுத்தபோதுதான் பிடி தெரிந்தது.

"நீ இன்னும் ஆகல."

அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக விரித்தான். சுண்டுவிரலில் ஆரம்பித்தான். நாக்கு முள்முள்ளாக இருந்தது. தோல் எரிந்தது. மோதிரவிரல். நடுவிரல். அவனுடைய நெஞ்சுக்குள் எங்கேயோ ஒரு கரகரப்பு ஓட ஆரம்பித்திருந்தது, இதமாக, சீராக, அவள் கைவழியே முழங்கைவரை அதிர்ந்தது. கத்தினாள். மழை விடவில்லை. அவனும் விடவில்லை. கண்களை மூடிக்கொண்டு, அவசரமில்லாமல், அடுத்த விரலுக்குப் போனான்.