புகையில்லாத ஒரு நாள்

காலையில் எழுந்ததும் வேம்பு மார்புக் கதவைத் திறந்து, நுரையீரலைக் கழற்றிக் குழாயடியில் அலசினாள். அதுவரை உதிரி ஒன்று அவள் மூச்சைப் பார்த்துக்கொண்டது. கறுப்புத் தண்ணீர் வழக்கம்போல் ஓடியது.

செவ்வாயின் நான்காம் குவிமாடத்தில் பெரியவர்கள் எல்லாருக்கும் மாற்றுநுரைதான். உலோக ஆலையின் புகைக்குப் பிறவி நுரையீரல் பன்னிரண்டு வயதைத் தாண்டாது. வேம்புவின் மகள் யாழினிக்கு அடுத்த மாதம் அறுவை சிகிச்சை.

“புகை எங்களுடையதல்ல, உங்கள் அடுப்புகளுடையது” என்று நிர்வாகம் வாதாடியது. இயந்திர நீதிபதி ஒரு சோதனை வைத்தது. ஒரு நாள் ஆலையை மூட வேண்டும். மாலையில் காற்றுமானி பச்சையில் நின்றால் குற்றவாளி ஆலைதான். புகைபோக்கிக்கு வடிகட்டி போட்டே ஆகவேண்டும்.

அந்த நாள் இன்று. விடுமுறை என்பதால் படமும் இன்றே வெளியானது. ஆலைக் கொடுமையை எதிர்க்கும் தொழிலாளியாக நடிகர் விண்ணரசன் நடித்த படம். நிர்வாகம் அதைத் தடுத்தபோது, ஆலை வாசலில் படுத்துத் தடையை உடைத்தவள் வேம்பு.

தியேட்டர் எதிரில்தான் காற்றுமானிக் கம்பம். அதைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“அந்தோணியண்ணே, முள்ளு பச்சைகிட்ட வந்துடுச்சு பாரு!”

அந்தோணி தொழிற்சங்கச் செயலாளர். விண்ணரசன் ரசிகர் மன்றத் தலைவரும் அவரே. “ஜெயிச்சோம்மா! நீ படத்துக்கு வரல?”

“கம்பெனிக்காரன் எவனாவது இதுல கைய வைப்பான். நான் நகர மாட்டேன். நீ போ.”

கம்பெனிக்காரன் எவனும் வரவில்லை. பொழுது சாய, குவிமாடத்துக் கண்ணாடி வழியே முதன்முறையாக நட்சத்திரம்போல் பூமி தெரிந்தது.

இடைவேளை மணி அடித்தது. “எங்க மூச்சு எங்களுக்கு!” என்ற வசனத்தைக் கத்திக்கொண்டே கூட்டம் வெளியே பாய்ந்தது. கட்அவுட்டைச் சுற்றிச் சரவெடி விரிந்தது.

“டேய், கொளுத்தாதீங்கடா!”

வெடிச் சத்தத்தில் அவள் குரல் எடுபடவில்லை. மூடிய குவிமாடத்தில் புகை சட்டென்று போக வழியேது? முள் பச்சையை விட்டுச் சிவப்புக்குத் தாவியது.

“இன்னாண்ணே பண்ணி வச்சிருக்க?”

தீப்பந்தத்தோடு நின்ற அந்தோணி முள்ளைப் பார்த்து வெளிறினார். “முதல் நாளும்மா... வெடி போடலன்னா தலைவருக்கு மரியாதையா இருக்குமா?”

மாலை முடிந்ததும் நீதிபதியின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. “ஆலை மூடிய நாளில் நச்சு கூடியிருக்கிறது. ஆலை குற்றமற்றது.”

ஆலை மேலாளர் கைதட்டினார். வேம்பு அவரை விலக்கிவிட்டு ஒலிபெருக்கியின் முன் நின்றாள்.

“என் பொண்ணோட நுரையீரல அறுக்க உடமாட்டேன். இன்னொரு நாள் குடு. குடுக்கிற வரைக்கும் ஒருத்தரும் உலையத் தொடமாட்டோம்!”

கூட்டம் ஆமாம் என்று முழங்கியது. நீதிபதி சற்றுக் கணக்கிட்டது.

“ஏற்கிறேன். ஆலை அடுத்து மூடும் நாளில் சோதிக்கலாம். இரண்டு வாரத்தில் தீபாவளி.”

முழக்கம் நின்றது.

“அன்னைக்கே வச்சுக்க!” என்றாள் வேம்பு. பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். “எவன் வீட்டு வாசல்ல பொறி பறந்தாலும் அவனும் எனக்குக் கம்பெனிக்காரன்தான். தெரிஞ்சுக்குங்க.”

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தோணிதான் மெல்ல வாயைத் திறந்தார்.

“கம்பி மத்தாப்பு கூடவாம்மா?”