குழாய்க்குப் பதில் வாசித்தவள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி. ஒசாகாவின் குறுகலான சந்து ஒன்றில், ராட்சத வயலின் போன்ற ஆளுயர டபுள் பேஸை முதுகில் சுமந்தபடி ஷிஹோ நிலவறைப் படிகளில் இறங்கினாள். பின்னாலேயே தம்பி ரின்தாரோ. ஒரு கையில் சாக்ஸபோன் பெட்டி, மறு கையில் சூடான ஆக்டோபஸ் உருண்டைப் பொட்டலம். பேஸின் அடிப்பக்கம் ஒவ்வொரு படியிலும் இடித்தது. ஒவ்வொரு இடிக்கும் அவன் சிரித்தான்.

"புல்லாங்குழல் கத்துக்கோன்னு அப்பவே சொன்னேன். கேட்டியாக்கா?"

"வாயை மூடிட்டுக் கீழ பிடிடா."

அவன் வந்ததே பெரிய காரியம். மூன்று வருஷமாக அவன் சாக்ஸபோனைத் தொடவில்லை. நூடுல்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவனை, ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்று இரண்டு மாதம் நச்சரித்து இழுத்து வந்தவள் ஷிஹோ. பெற்றவர்கள் போன பிறகு அவளுக்கென்று மிச்சமிருந்தது அவன் ஒருவன்தான்.

தமாகியம்மா கச்சேரி நடத்தும் அந்த நிலவறையில் பூஞ்சை வாசனையும் பழைய சிகரெட் வாசனையும் எப்போதும் இருக்கும். அன்று அவற்றோடு கறிக்குழம்பு வாசனையும் சேர்ந்திருந்தது. உட்கார நாற்காலி கிடையாது, கவிழ்த்துப் போட்ட பீர் பாட்டில் கிரேட்டுகள்தான். மேடை என்று சொல்லப்பட்ட மூலையின் பின்சுவரில், தொடையளவு பருமனில் ஒரு இரும்புக் குழாய் நெட்டுக்கு ஓடியது. அதற்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மார்பு உயரத்தில் ஒரு இடத்தில் மட்டும் பெயிண்ட் ஒட்டாமல் துரு சிவந்து தெரிந்தது.

இவர்களுடைய சங்கீதத்துக்கு ராகமும் இல்லை, தாளமும் இல்லை, எழுதி வைத்த தாளும் இல்லை. ஒருவர் ஒரு சத்தம் எழுப்புவார், மற்றவர் அதற்குப் பதில் சொல்வார், அவ்வளவுதான். சமையலறையில் தட்டு விழுந்தாலும் பதில். தெருவில் லாரி போனாலும் பதில். இருபது வருஷம் இப்படியே பழகிய கையை அடக்குவது லேசுப்பட்ட வேலையில்லை.

ஷிஹோ தந்தியை முறுக்கிச் சுருதி பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய்க்குள் சத்தம் கேட்டது.

டொக். டொக்-டொக்.

யோசிக்கவே இல்லை. கை தானாகப் போனது. வில்லின் மரப்பக்கத்தால் தந்தியில் மூன்று தட்டுத் தட்டினாள்.

சமையலறையிலிருந்து கரண்டியும் கையுமாகத் தமாகியம்மா ஓடி வந்தாள். அறுபத்தைந்து வயது. எதற்கும் அசராத மனுஷி, முகத்தில் ரத்தமே இல்லை.

"இப்ப வாசிச்சது யாரு?"

"நான்தான். குழாய்ல தண்ணி ஓடுற சத்தம் கேட்டுச்சு, சும்மா..."

"அந்தக் குழாய்ல தண்ணி வந்து பதினெட்டு வருஷம் ஆகுதும்மா."

குரலைத் தாழ்த்திச் சொன்னாள். ஹிராசே என்று ஒரு டிரம்மர் இருந்தார். வாசிக்க உட்கார்ந்தால் முடிக்கவே தெரியாத ஆள். ஒரு நாள், அவரோடு சேர்ந்து வாசித்தவன் பாதியிலேயே பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். ஹிராசே தனியாக வாசித்தார். ஒரு மணி நேரம், இரண்டு, நான்கு. கடைசி ரயிலுக்கு நேரமாகி ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். தமாகியம்மாவும் விளக்கை அணைத்துவிட்டு மேலே தூங்கப் போய்விட்டாள்.

"காலையில வந்து பார்த்தா, டிரம் எல்லாம் கிழிஞ்சு கிடக்கு. வெறுங்கையால குழாயை அடிச்சிருக்காரு. கையில எலும்பு தெரிஞ்சுது. செத்துக் கிடந்தாரு. அதுலேருந்து தட்டுறாரு. இங்க வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும், யாரும் பதில் வாசிக்க மாட்டாங்க. உங்கிட்ட வந்ததும் சொல்லியிருக்கணும். அடுப்புல குழம்பு இருந்துச்சு, மறந்து தொலைச்சேன்."

ஷிஹோ தம்பியின் பக்கம் திரும்பினாள். "ரின், போயிடலாமா?"

அவன் உருண்டையை மென்றுகொண்டே சொன்னான். "கழுத்தைப் பிடிச்சு இழுத்துட்டு வந்ததும் நீ, இப்ப ஓடலாம்ங்கிறதும் நீயா? நல்லாருக்குக்கா உன் நியாயம்."

படியில் காலடிச் சத்தம். ரசிகர்கள் வர ஆரம்பித்திருந்தார்கள்.

மூன்று மணிக்கு இருபத்தாறு பேர் கிரேட்டுகளில் உட்கார்ந்திருந்தார்கள். இந்தச் சங்கீதத்தின் ரசிகர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தங்கமான ஜனங்கள். இரும மாட்டார்கள், அசைய மாட்டார்கள். வாசிப்பவர்கள் அத்தனை பேரும் ஓய்ந்து, சிலையாக நின்று, முடிந்தது என்று தெரிந்தால்தான் கை தட்டுவார்கள். அதுவரை மேடையில் என்ன நடந்தாலும் சங்கீதம்தான். மேசையை உடைப்பவர்களையும் தரையில் உருண்டு அழுபவர்களையும் பார்த்த கண்கள் அவை.

பத்து நிமிஷம் அக்காவும் தம்பியும் மட்டும் வாசித்தார்கள். பிறகு தரைக்கு அடியில் ஒரு அடி விழுந்தது.

தும்.

ஷிஹோ பதில் சொன்னாள். அடுத்த அடி சுவரில். அதற்கும் சொன்னாள். உண்மையைச் சொன்னால், அவளுக்கு அது பிடித்திருந்தது. இவ்வளவு கூர்மையாக அவள் வாசிப்பைக் கேட்ட டிரம்மர் இதுவரை ஒருவரும் இல்லை. பயம் எங்கோ போய்விட்டது. ரின்தாரோவும் கண்ணை மூடிக்கொண்டு ஊதினான். மூன்று வருஷத்து ஏக்கம் அத்தனையும் அந்த ஊதலில் இருந்தது. தம்பிக்கு வழிவிட நினைத்தாள். தனியாக ஊதட்டும் என்று வில்லைத் தூக்கி, வாசிப்பதை நிறுத்தினாள்.

அடி ரின்தாரோவின் வாயில் விழுந்தது.

சாக்ஸபோனின் முனை தொண்டைவரை போய் இடித்தது. இரண்டு பல் தரையில் தெறித்தன. அவன் எதிரே யாருமே இல்லை.

முன்வரிசையில் ஒருவர் மெல்லத் தலையசைத்து ரசித்தார்.

இரண்டாவது அடி விலாவில். உள்ளே எதுவோ முறியும் சத்தம் அவளுக்குக் கேட்டது. ரின்தாரோ முட்டி போட்டு விழுந்தான். வாயிலிருந்து ரத்தம் நூலாக இறங்கியது.

"அக்கா..."

ஷிஹோ ரசிகர்களைப் பார்த்துக் கத்தினாள். "யாராவது வாங்க. அடிக்கிறான். என் தம்பியை அடிக்கிறான்."

இருபத்தாறு முகங்களும் இன்னும் கவனமாக அவளைப் பார்த்தன. ஒரு பெண் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டாள்.

"இது வாசிப்பு இல்ல. சத்தியமா இல்ல. எழுந்து வாங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை. சமையலறை வாசலில் நின்ற தமாகியம்மாவைத் தேடினாள். தமாகியம்மா காதைப் பொத்திக்கொண்டு படியேறிப் போய்க்கொண்டிருந்தாள்.

மூன்றாவது அடி அவன் தலைக்கு நேராக இறங்குவது காற்றிலேயே தெரிந்தது. ஷிஹோ வில்லை ஓங்கித் தந்தியில் அறைந்தாள்.

அடி தரையில் விழுந்தது.

புரிந்துவிட்டது. அவள் வாசிக்கும்வரை ஹிராசே அவளோடு வாசிப்பான். அவள் நிறுத்தினால் தம்பிமேல் வாசிப்பான்.

வாசித்தாள். தோள் கழன்றுவிடும்போல வலிக்க வலிக்க வாசித்தாள். விரல் நுனித் தோல் உரிந்து தந்திகள் வழுக்கின. ஹிராசே விடவில்லை. கூரையில் அடித்தான், காலிக் கிரேட்டுகளை நொறுக்கினான். கடைசியில் அவளுடைய பேஸின் மேலேயே அடிக்க ஆரம்பித்தான். பலகை பிளந்தது. ஒரு தந்தி அறுந்து அவள் கன்னத்தைக் கிழித்தது. இன்னொன்று. இன்னொன்று. பேஸின் கழுத்து முறிந்து, வாத்தியம் அவள் கையிலேயே இரண்டாகத் தொங்கியது.

தட்ட ஏதாவது கிடைக்குமா என்று அவள் குனிவதற்குள் ரின்தாரோவின் இரண்டு மணிக்கட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன.

பிறகு ஒன்றுமில்லை.

அவள் அசையவில்லை. அவன் அசையவில்லை. சுவர், தரை, கூரை, எங்கும் சத்தமில்லை. இருபது விநாடி இருக்கும்.

கைதட்டல் இடியாக எழுந்தது. எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேடையிலிருந்து வழிந்த ரத்தம் முன்வரிசைக்காரரின் வெள்ளை ஷூவைத் தொட்ட பிறகுதான், அவர் குனிந்து பார்த்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

ரின்தாரோ பிழைத்துக்கொண்டான். தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள், இரண்டு கைக்கும் மாவுக்கட்டு. ஷிஹோ எட்டு நாளும் ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலைவிட்டு நகரவில்லை. எட்டு நாளும் எந்தச் சத்தமும் இல்லை. ஒன்பதாம் நாள் மதியம்தான், அப்பாடா என்று அரை மணி நேரம் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தாள்.

விழித்தபோது நர்ஸ் மொரிவாகி, அவனுடைய சட்டையை விலக்கி விலாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கன்றிச் சிவந்த ஒரு காயம், ஒரு முஷ்டி அளவில்.

"காலையில துடைச்சு விட்டப்ப இது இல்லையே," என்றாள் நர்ஸ். "நீங்க மட்டும்தானே இங்க இருந்தீங்க?"

ஷிஹோ அந்த முஷ்டித் தடத்தையே பார்த்தாள். அந்த இருபது விநாடி முடிவு என்று யார் சொன்னது? கைதட்டியவர்கள் சொன்னார்கள், அவளும் நம்பிவிட்டாள். அவர்களுடைய சங்கீதத்தில் மௌனமும் வாசிப்புதான். கையை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பவர்களோடு அவளே வாசித்திருக்கிறாள். ஹிராசேயும் எட்டு நாள் அவளோடு அப்படித்தான் உட்கார்ந்திருந்தான்; அவள் கண்ணயர்ந்ததை, வாசிப்பை நிறுத்தியதாக எடுத்துக்கொண்டான்.

ரின்தாரோவின் கண்கள் அகல விரிந்தன. கம்பி கட்டிய பற்களுக்கு நடுவிலிருந்து ஒரு வார்த்தை கசிந்தது.

"வாசி."

ஷிஹோ உள்ளங்கையால் கட்டில் கம்பியை அறைந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து உடனே பதில் வந்தது. மறுபடியும் அறைந்தாள். தட்டு, தம்ளர், மேசை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் தட்டினாள்.

நர்ஸ் அழைப்பு மணியை அழுத்தினாள். இரண்டு ஆண் ஊழியர்கள் வந்தார்கள். மரியாதையான பிள்ளைகள். தலை குனிந்து வணங்கிவிட்டு ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"கையை விடுங்கப்பா. நான் நிறுத்தினா அவன் செத்துடுவான்."

"நல்லா களைச்சுப் போயிட்டீங்கம்மா. கொஞ்ச நேரம் வெளிய உக்காருங்க. நோயாளியை நாங்க பார்த்துக்கிறோம்."

காலால் தரையை உதைத்தாள். அவளை அப்படியே தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார்கள். சத்தம் நோயாளிகளுக்குத் தொந்தரவாகக் கூடாதென்று, நர்ஸும் வெளியே வந்து அந்தக் கனமான கதவை மெல்லச் சாத்தினாள்.

உள்ளே ஹிராசே தொடங்கினான்.