கொட்டகைக்காரரின் அட்டை

எலவனாசூர்கோட்டை ஊர்ப்பட்டறையில் யார் வேண்டுமானாலும் உறுப்பினர் ஆகலாம். சந்தா கிடையாது. சனிக்கிழமை காலையில் எல்லாரோடும் சேர்ந்து பட்டறையைக் கூட்டிவிட்டுத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். மூன்று வாரம் கையெழுத்து இல்லையா? சுவரில் தொங்கும் உங்கள் பெயர் அட்டையைக் கழற்றிவிடுவார்கள். அட்டை இல்லாதவர் ஒரு சுத்தியலைக்கூடத் தொடக் கூடாது.

இந்த மாதம் தாளைச் சரிபார்க்கும் முறை அனிட்டாவுடையது. ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். போன வாரம் தன் வகுப்பு எட்வினின் அட்டையையே கழற்றிவிட்டாள். அவன் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தான்.

இன்று தாளைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுப்புராயன் என்ற பெயருக்கு எதிரே மூன்று வாரமும் வெறும் கட்டம்.

சுப்புராயன் மாமா யார் தெரியுமா? பட்டறை நடக்கும் கொட்டகையே அவருடையது. வெல்டிங் இயந்திரம் அவர் கொடுத்தது. சுவரில் விதிகளை எழுதியதும் அவர்தான்.

"எட்வின், மாமா வந்துக்கினுதானே இருக்காரு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வராரு. நீங்கல்லாம் கூட்டறப்ப காலை மட்டும் தூக்கிக்குவாரு. நீங்களும் அவரச் சுத்திக் கூட்டிட்டுப் போயிடுவீங்க."

உண்மைதான். அவரிடம் போய்த் துடைப்பத்தை நீட்ட யாருக்குத்தான் தோன்றும்?

அனிட்டா திரும்பிப் பார்த்தாள். வாசலில் அவள் அம்மா பாக்கியம் மூன்று சக்கர சைக்கிளில் காத்திருந்தார். நடக்க முடியாத அம்மாவுக்குத் திங்கட்கிழமை முதல் அங்கன்வாடியில் வேலை. வழியில் ஏரிக்கரை இறக்கம் இருக்கிறது. சைக்கிளில் பிரேக் உடைந்து கிடக்கிறது. அதை வெல்டிங் வைக்கத் தெரிந்தவர் மாமா ஒருவர்தான்.

அட்டையைக் கழற்றினால் அம்மா வேலைக்குப் போக முடியாது. கழற்றாவிட்டால்? எட்வின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சைக்கிள உள்ள கொண்டா பாப்பா," என்றார் வெல்டிங் இயந்திரத்தருகே நின்ற மாமா.

அனிட்டா சுவரருகே போய் அவர் அட்டையைக் கழற்றினாள். ஓரமாக மரம் அறுத்துக்கொண்டிருந்த ஒருவர் ரம்பத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

"இன்னாது? என் கொட்டாயில என் அட்டையவா?"

"மூணு வாரமா நீங்க கூட்டலைங்க மாமா."

மாமா தாளை வாங்கிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ஆமா. நா கூட்டவே இல்ல," என்றார். இயந்திரத்தின் மேலிருந்த கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். "அப்ப உங்கம்மா பிரேக்கு?"

அனிட்டா சுவரில் இருந்த விதிகளை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். கடைசி வரியில் நின்றுவிட்டாள். 'புதிதாகச் சேர வருபவர், உறுப்பினர் ஒருவர் உடன் நின்றால் கருவியைத் தொடலாம்.'

"மாமா, நீங்க இன்னிக்குப் புதுசா சேர வந்தவரு. நா கூட நிக்கறேன்."

"அப்ப நானு?" என்று எட்வின் எழுந்தான்.

"நீயுந்தான். போன வாரமே சொல்லியிருக்கணும். எனக்குத் தோணல, எட்வின்."

அவன் முகம் மலர்ந்துவிட்டது.

மாமா சட்டைக் கையை மடித்துக்கொண்டார். "புதுசா வந்தவன் மொதல்ல இன்னா செய்யணும்?"

"கூட்டணுங்க."

மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். "தொடப்பம் எங்க இருக்கு?"

சொந்தக் கொட்டகையில் துடைப்பம் இருக்கும் இடம் அவருக்குத் தெரியவில்லை. பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கூட்டி முடித்ததும் மாமாவும் அனிட்டாவும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள். அரை மணி நேரத்தில் பிரேக் தயார்.

எல்லாரும் ஏரிக்கரைக்குப் போனார்கள். இறக்கத்தின் நடுவில் பாக்கியம் பிரேக்கைப் பிடித்தார். சைக்கிள் ஒரு சாண்கூட நகராமல் நின்றது.

பின்னாலேயே ஓடிவந்த மாமா மூச்சு வாங்கக் கேட்டார்: "அடுத்த சனிக்கிழம எத்தினி மணிக்கு வரணும் பாப்பா?"