மஞ்சள் கதவு தெரிந்த படம்

அன்று காலையில் மாரிட்டுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் எடுத்த படம் விற்பனைக்கு வந்துவிட்டது!

படங்கள் விற்கும் அந்த இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் படம் அனுப்பலாம், விலையும் வைக்கலாம். நார்வேயின் ஒரு சின்னத் தீவிலிருந்து, அப்பாவின் பெயரில், பத்து வயது மாரிட்டும் அனுப்பியிருந்தாள். பாறை இடுக்கில் முட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கும் கொம்பன் ஆந்தையின் படம். கீழே கரையில் சிவப்புப் படகுக் கொட்டகையும் அதன் மஞ்சள் கதவும் தெரிந்தன. படத்தோடு தீவின் பெயரையும் எழுதியிருந்தாள்.

பக்கத்திலேயே குன்வோர் எடுத்த ஆந்தைப் படம் இருந்தது. குன்வோருக்குப் படம் எடுப்பதே தொழில். ஆனால் அவர் படத்தில் ஆந்தையின் முகம் மட்டும்தான். பின்னால் வெறும் சாம்பல் நிறம்.

"இவ்ளோ பெரிய கேமரா வச்சிருக்காங்க, பின்னாடி ஒண்ணுமே காணோமே!" என்று மாரிட் சிரித்தாள்.

"அவங்க வச்ச விலையையே நீயும் வச்சிருக்க. கத்துக்குட்டிக்குக் கொழுப்பைப் பாரு!" என்று அப்பா சீண்டினார்.

அப்போதுதான் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து செய்தி வந்தது.

'கூடு எந்த இடம்? சொன்னால் பத்து மடங்கு தருவேன். சொல்லாவிட்டாலும் மஞ்சள் கதவை வைத்துக் கண்டுபிடித்துவிடுவேன். மதியப் படகில் வருகிறேன்.'

"படம் வாங்குறவருக்கு இடம் எதுக்குப்பா?"

அப்பாவின் சிரிப்பு நின்றது. "முட்டைக்காகத்தான் இருக்கும். திருடிச் சேர்த்து வைக்கிற ஆளுங்க இருக்காங்கம்மா."

மாரிட் குன்வோரின் படத்தை மறுபடி பார்த்தாள். அந்தச் சாம்பல் நிறத்தை வைத்துக்கொண்டு யாராலும் எந்தக் கூட்டையும் தேட முடியாது. அவள் படமோ கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட்டுவிடும்.

உடனே தன் படத்தை நீக்கினாள். என்ன பயன்? அந்த ஆள்தான் பார்த்துவிட்டாரே!

வனக்காவலருக்கு அப்பா போன் செய்தார். அவர் வேறொரு தீவில் இருந்தார். மாலைப் படகில்தான் வர முடியுமாம்.

"எல்லாம் என்னாலதானேப்பா?" என்றாள் மாரிட். ஒரு கை முட்டைகளை நோக்கி நீளுவது போலவே கண்ணில் நின்றது.

ஜன்னல் வழியே கரையைப் பார்த்தாள். வரிசையாகப் படகுக் கொட்டகைகள். எல்லாம் சிவப்பு, கதவுகளும் சிவப்பு. அவர்கள் கொட்டகைக் கதவு மட்டும் மஞ்சள்.

"அப்பா! சிவப்பு பெயிண்ட் மிச்சம் இருக்கா?"

"என் மஞ்சக் கதவு உனக்கு என்னடி பாவம் பண்ணுச்சு?" என்று ஆரம்பித்தவர் பாதியிலேயே எழுந்துவிட்டார். "பிரஷ்ஷை எடு, ஓடு!"

இருவரும் மளமளவென்று அடித்தார்கள். கடைசி மூலையில் மஞ்சள் மறைந்தபோது படகின் சங்கு ஊதியது.

சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒருவர் இறங்கினார். கையில் ஒரு பெட்டி. போனில் சேமித்திருந்த படத்தைப் பார்ப்பதும் கதவுகளைப் பார்ப்பதுமாக வந்தவர், மாரிட்டின் முன்னால் நின்றார். அவள் பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். அப்பா அவள் தோளோடு ஒட்டி நின்றார்.

"பாப்பா, மஞ்சக் கதவு போட்ட கொட்டகை எது?"

மாரிட் மறு கையால் கரையைக் காட்டினாள். "இங்க... எல்லாக் கதவும் சிவப்புதான். நீங்களே பாருங்க."

அவர் ஈரம் காயாத அந்தக் கதவிலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டு போனை நோண்டினார். நல்லவேளை, பெயிண்ட் வாடையைக் காற்று கடல் பக்கம் கொண்டுபோனது. மேலே பாறை இடுக்கு. 'ஆந்தையே, இப்போ கத்தித் தொலைக்காதே' என்று மாரிட் மனதுக்குள் கெஞ்சினாள்.

ஆந்தை கத்தவில்லை. அவர் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த கொட்டகைக்குப் போனார்.

மாலைப் படகில் வந்த வனக்காவலர், துறையிலேயே அந்தக் கோட்டுக்காரரை நிறுத்திப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே முட்டை எதுவும் இல்லை, பஞ்சு மட்டும்தான் இருந்தது. அதே படகில் அந்த ஆள் திரும்பிப் போனபோது, முதுகு முழுக்கச் சிவப்பாக இருந்தது அவருக்கே தெரியாது. மாரிட் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அப்போதுதான் நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தன் படத்தில் கடலை வெட்டினாள், கொட்டகையை வெட்டினாள். ஆந்தையின் முகம் மட்டும் மிஞ்சியது. தீவின் பெயரைப் போடாமல் அதை மறுபடி விற்பனைக்கு அனுப்பினாள்.

"விலை எவ்ளோ போட்ட?" என்றார் அப்பா.

"குன்வோர் போட்ட அதே விலைதான்!"