தகட்டுக்குள் ஒரு நட்டு

போன் அலறியது.

நூலகத்தில் திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தவள் பதறிப்போய் எடுத்தாள். மெக்கானிக்.

"உங்க கார் சத்தத்தைப் பிடிச்சிட்டேன்மா. உடனே வாங்க. தனியா வாங்க."

"என்ன சத்தம்?"

"சத்தம் சின்னதுதான். விஷயம்தான் பெருசு."

வைத்துவிட்டான்.

அவள் புத்தகங்களை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

அது இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். மாமனார் ஆசைப்பட்டு வாங்கி, மூத்த மகனுக்கு விட்டுப்போனது. தரையோடு தரையாகத் தவழும். அதன் அடிவயிற்றில் ஆறு மாதத்துக்கு முன் ஒரு சத்தம் குடியேறியது.

கிணி... கிணி... கிணி...

அந்தச் சத்தம்தான் அவள் கணவனைக் கொன்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் கடைக்குப் போய்வந்து, வாசல் சரிவில் காரை நிறுத்திவிட்டு உள்ளே போனாள். கணவன் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சத்தத்தைத் தேடி அடியில் நுழைந்தான். கார் பின்னால் நழுவி ஜாக்கியிலிருந்து விழுந்தது.

அவன் மேல்!

முதலில் ஓடிவந்தவன் மாடி வீட்டுக் கொழுந்தன். பல் டாக்டர். விழுந்து கிடந்த அண்ணனைப் பார்க்கவில்லை. காருக்குள் எட்டிப் பார்த்தான்.

"அண்ணி... ஹேண்ட்பிரேக் போடலையா நீங்க?"

லீவர் கீழே இறங்கியிருந்தது.

இன்ஸ்பெக்டர் லீவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கவனக்குறைவு என்று எழுதினார். பொம்பளைங்க கையில இந்த மாதிரி வண்டியைக் கொடுத்தா... என்று ஆரம்பித்து, பெரிய மனது பண்ணி அதோடு நிறுத்திக்கொண்டார். மீதியைச் சொந்தக்காரர்கள் சாவு வீட்டிலேயே சொல்லி முடித்தார்கள்.

போட்டேனா? போடவில்லையா?

ஆறு மாதமாக அவளுக்கு வேறு கேள்வி கிடையாது. சில நாள் கை ‘போட்டாய்’ என்னும். சில நாள் கையும் கைவிட்டுவிடும்.

கொழுந்தன் அண்ணன் ஞாபகமாகக் காரைக் கேட்டான். மாதம் தவறாமல் கேட்டான். அவள் கொடுக்கவில்லை. கணவன் தேடிப்போன சத்தம். பாதியில் விட்டுப் போயிருக்கிறான். மீதியை அவள்தான் தேட வேண்டும்.

முதல் ஒர்க்‌ஷாப்பில் ரப்பர் புஷ் போச்சு என்று மாற்றினார்கள். கிணி! இரண்டாவதில் சைலன்சரை மாற்றினார்கள். கிணி! மூன்றாவது ஏ.சி. போட்ட இடம். மெத்தை நாற்காலியில் உட்காரவைத்து, மேடம், சத்தம் உங்க மனசுலதான் இருக்கு என்று கனிவோடு சொன்னார்கள்.

நான்காவது ஆள் இந்த மெக்கானிக். பட்டப்பெயர் ‘காது’. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இரும்பில் வைத்து, மரப்பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பான்.

முந்தைய மூவரைப் பற்றி அவன் கருத்து ஒரே வரிதான்.

"முதல் ஆளுக்குக் கண்ணு இல்ல, ரெண்டாவது ஆளுக்குக் காது இல்ல, மூணாவது ஆளுக்கு வெக்கமே இல்ல."

அவள் போனபோது கார் சர்வீஸ் குழியின் மேல் நின்றிருந்தது. குழிக்குள் அவளையும் இறங்கச் சொன்னான். சைலன்சர் குழாயின் சூடு மேலே ஏறாமல் தடுக்க ஒரு தகடு உண்டு. அதன் திருகுகளைக் கழற்றித் தாழ்த்தினான். டார்ச் அடித்தான்.

உள்ளே மெல்லிய கம்பியில் ஒரு நட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

கழன்று விழுந்ததா என்று கேட்டாள்.

"கழண்ட நட்டு தனக்குத்தானே கம்பி கட்டிக்கிட்டுத் தொங்குமாம்மா? மாட்டுக் கழுத்துல மணி கட்டற மாதிரி கட்டியிருக்கான். சத்தம் வரணும்னே கட்டினது."

யாரோ... அவள் கணவன் காருக்கு அடியில் போக வேண்டும் என்று விரும்பியிருக்கிறார்கள்!

"இன்னொண்ணு பாருங்க. இது எங்க ஆளுங்க வேலை இல்ல. நாங்க கம்பி முறுக்கினா முனை வெளிய நீட்டும். எங்க கையையே கிழிக்கும். இவன் முனையை உள்பக்கமா மடிச்சு அமுக்கியிருக்கான். காருக்கு என்ன உதடா இருக்கு, குத்திடுமேன்னு பயப்பட?"

அவள் நாக்கு தானாக முன்பற்களைத் தடவியது.

அந்தப் பற்களுக்கு இரண்டு வருடம் கம்பி கட்டியிருந்தாள். ஒவ்வொரு முறையும் அவன் சொல்வான்: முனையை உள்ள மடிச்சிடறேன் அண்ணி, உதட்டுல குத்தாது. கண்ணுக்குத் தெரியாததை நாக்கு அடையாளம் கண்டது.

யாரென்று சொன்னாள்.

காது உச்சுக்கொட்டினான். நட்டைக் கட்டினது குற்றமில்லை, விளையாட்டு என்பான். லீவரை இறக்கியதற்குச் சாட்சி ஏது? அவனே சொன்னால்தான் உண்டு. காரைக் கொடுத்துவிடுவதாகச் சொல்லி அவனை வரச் சொல்லுங்கள் என்றான்.

அவள் வாசலுக்குப் போய்ப் போன் செய்தாள். திரும்பி வந்தபோது தகடு பழையபடி மூடியிருந்தது. காதும் யாருக்கோ போன் பேசி முடித்து, கொழுந்தன் வரும்வரை அவளை வாசலிலேயே நிற்கச் சொன்னான்.

அரை மணியில் கொழுந்தன் வந்தான். அண்ணியைப் பார்க்கும் முன் காரின் பானெட்டைத் தடவினான். இப்பவாவது புத்தி வந்ததே என்றான்.

காது ஒரு கம்பித் துண்டை நீட்டினான். ஹேண்ட்பிரேக் கேபிளை யாரோ அறுத்து இந்தக் கம்பியால் கட்டியிருந்ததாகவும், அதனால்தான் கார் நழுவியதாகவும் அவிழ்த்துவிட்டான். அத்தனையும் புளுகு!

கொழுந்தன் அசையவில்லை. அப்படியா, பாவம் என்றான். கல்லுளிமங்கன்.

காது விடவில்லை. வேலையைத் திட்ட ஆரம்பித்தான்.

"முறுக்கின லட்சணத்தைப் பாருங்க டாக்டர். முனை முள்ளு மாதிரி நிக்குது. கை நடுங்கற ஆளு போல. இவனெல்லாம் கம்பியைத் தொடலாமா? தகட்டுக்குள்ள நட்டைக் கட்டித் தொங்கவிட்டதும் இதே தற்குறிதான். அதுவும் இதே மாதிரி கோணல் வேலை."

கொழுந்தனின் முகம் சிவந்தது.

"அது வேற. அதுல முனை உள்ள மடிஞ்சிருக்கும். ஒரு கீறல் விழாது."



"மூடியிருக்கற தகட்டுக்குள்ள முனை மடிஞ்சிருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் டாக்டர்?" என்றான் காது மெதுவாக.

கொழுந்தன் சுற்றிலும் பார்த்தான். ஒரு ஈ, காக்கை இல்லை. சிரித்தான்.

"சரி, யார்கிட்ட போய்ச் சொல்லுவீங்க? ஒரு விதவை, ஒரு ஸ்பேனர். நல்ல ஜோடி. அந்த ஸ்டியரிங்கைப் பிடிச்சு வளர்ந்தவன் நான். அப்பா அவனுக்குத் தூக்கிக் குடுத்தாரு. அவனுக்கு ஒரு கியர் ஒழுங்கா மாத்தத் தெரியுமா?"

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"தம்பி... ஹேண்ட்பிரேக்?"

அவன் முகத்தில் அத்தனை இளக்காரம்.

"போட்டுத்தான் இருந்தீங்க. சும்மாவா போட்டிருந்தீங்க? கிணத்துல தண்ணி இறைக்கற மாதிரி இழுத்து வச்சிருந்தீங்க. அவன் அடியில நுழைஞ்சதும் பட்டனை அமுக்கி இறக்க எனக்கு ரெண்டு கை தேவைப்பட்டுது. வண்டி ஓட்டற லட்சணமா அது?"

அவள் கண்கள் நிறைந்தன. வாழ்க்கையில் யாரும் அவளை இவ்வளவு கேவலமாகத் திட்டியதில்லை. எந்தப் பாராட்டும் அவளுக்கு இவ்வளவு இனித்ததில்லை.

"போதும் டாக்டர்."

குரல் பூமிக்கு அடியிலிருந்து வந்தது!

சர்வீஸ் குழியின் படிகளில் முதலில் ஒரு தொப்பி ஏறியது. அப்புறம் கிரீஸ் அப்பிய ஒரு மூக்கு. அப்புறம் முழு இன்ஸ்பெக்டர்.

நீங்கள் வாசலில் நின்றபோது பின்பக்கமாக வந்து இறங்கினார், ஸ்டேஷன் ஜீப்புக்கு நான்தான் வைத்தியம் பார்க்கிறேன், கூப்பிட்டால் வராமல் எங்கே போவார் என்று காது அவளிடம் கிசுகிசுத்தான்.

இன்ஸ்பெக்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கேஸைத் திருத்தி எழுதிடறேன்மா என்று தன் பூட்ஸிடம் சொன்னார். முழுசா எழுதுங்க, பாதியில நிறுத்திடாதீங்க என்றாள் அவள்.

கொழுந்தனின் மணிக்கட்டில் விலங்கு ஏறியது. அவன் அண்ணியைத் திரும்பிப் பார்க்கவில்லை. காரைத்தான் பார்த்துக்கொண்டே போனான்.

காது கையைத் துடைத்துக்கொண்டான்.

"இருபது வருஷமா ஊரையே வாயைத் திறக்கச் சொன்ன மனுஷன்... தன் வாயை மூடக் கத்துக்கவே இல்லையேம்மா!"