மஞ்சள் நூல்

உதைத்த உதைக்கு எஞ்சின் சுற்றியது. பற்றத்தான் இல்லை.

செல்லமுத்து காலை ஊன்றி நின்று வண்டியை ஒரு தரம் முறைத்தான். மிலிட்டரி ஏலத்தில் வந்த மோட்டார் சைக்கிள், கிழட்டு ஜென்மம்தான். ஆனாலும் புதுக்கோட்டை பஸ் பட்டறையில் பிட்டராக இருக்கிறவன் கைக்கு வந்த நாளிலிருந்து அது இரண்டாவது உதை கேட்டதில்லை. காலையில் வல்லத்திராக்கோட்டைக்கு வரும்போதுகூட ஊரே திரும்பிப் பார்க்க உறுமிக்கொண்டுதான் வந்தது. இப்போது பார்த்து, கண்மாய்க்கரைச் சுடுகாட்டு ஓரத்தில், பொழுது இறங்குகிற வேளையில் மல்லுக்கு நிற்கிறது.

எரிந்துகொண்டிருந்தது முத்தாள் அக்கா. அவனுடைய பெரியப்பா மகள். பிள்ளை இல்லாதவள். செல்லமுத்து வீட்டுக்கு வந்தால் அவன் மகள் அமராவதியை மடியை விட்டு இறக்கமாட்டாள். "இவள எனக்குக் குடுத்துர்றா தம்பி, தொணைக்கு வச்சுக்கிறேன்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், அவளைத் தவிர.

சனிக்கிழமை விடியலில் செத்துப்போனாள். சனிப் பிணம் தனிப் போகாது என்பார்கள். ஒரு துணையை இழுத்துக்கொண்டு போகாமலிருக்க, பாடைக் கம்பில் மஞ்சள் நூலால் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி அனுப்புவது வழக்கம். சுடுகாட்டில் அதைத் தலைமாட்டில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அந்தக் குஞ்சு இப்போது வண்டியின் ஸ்பானர் பைக்குள் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது.

மனசு கேட்கவில்லை, எடுத்துவிட்டான் என்று சொல்லலாம். அது பாதி நிஜம். காலையில் கிளம்பும்போது அமராவதி காலைக் கட்டிக்கொண்டு, "வரும்போது எனக்குக் கோழிக்குஞ்சு கொண்டாப்பா" என்று கேட்டிருந்தாள். சும்மா சாகப்போகிற உயிர்தானே. எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தபோது இவன் பின்தங்கி, தரையில் விட்ட குஞ்சை லபக்கென்று எடுத்துப் பைக்குள் போட்டான். காலில் கட்டிய நூலைக்கூட அவிழ்க்கவில்லை.

"என்னடா, வரலையா?" என்று தூரத்திலிருந்து அக்கா புருஷன் பெரியகருப்பன் கேட்டார்.

"நீங்க குளிக்கப் போங்க மச்சான். நான் வண்டியெடுத்துட்டு இப்படியே போறேன்."

போனவர்களின் பேச்சுச் சத்தம் அடங்கியது. எருமுட்டைப் புகையும் நெய் கருகிய வாடையும் கரையில் தேங்கி நின்றன. செல்லமுத்து பெட்ரோல் குழாயைக் கழற்றினான். பெட்ரோல் சரசரவென்று வந்தது. பிளக்கைக் கழற்றி, துடைத்து, எஞ்சின் தலையில் வைத்து உதைத்துப் பார்த்தான். நீலமாகப் பொறி தெறித்தது. பிளக் துவாரத்தைக் கட்டைவிரலால் பொத்திக்கொண்டு உதைத்தான். காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வந்தது. பெட்ரோல் இருக்கிறது, நெருப்பு இருக்கிறது, காற்று இருக்கிறது. இந்த மூன்றும் இருந்தால் எஞ்சின் ஓடியே ஆகவேண்டும். பட்டறையில் சின்னப் பையன்களுக்கு அவன் அடித்துச் சொல்லும் பாடம் அது.

எல்லாவற்றையும் மாட்டிவிட்டு உதைத்தான். எஞ்சின் சுற்றி நின்றது. அது நின்ற பிறகு இன்னொரு சத்தம் கேட்டது.

சப். சப்.

ஈரச்சேலை நடக்கும்போது கணுக்காலில் அடிக்கிற சத்தம். யாரோ கண்மாயில் குளித்துவிட்டுக் கரையேறுகிறார்கள் என்று நினைத்தான். பிறகுதான் உறைத்தது. சுடுகாட்டுப் பக்கம் பெண்கள் வருவதில்லை.

பைக்குள் குஞ்சு கத்துவதை நிறுத்திவிட்டது.

"யாரது?" என்றான். அரைத்த மஞ்சளும் பன்னீரும் கலந்த வாசனை, காலையில் அக்காவைக் குளிப்பாட்டும்போது வாசலில் வீசிய அதே வாசனை, புகையை விலக்கிக்கொண்டு வந்து அவன் முகத்தைத் தொட்டுவிட்டுப் போனது. உதைத்தான். பற்றவில்லை. சப், சப் என்று அது வண்டியைச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு ஏறியது. மறுபடி உதைத்தான். சத்தம் ரோட்டோடு, புதுக்கோட்டைப் பக்கமாக, அவன் வீடு இருக்கிற திசையில், நிதானமாக நடந்தது. ஆள் இல்லை. வெள்ளையாகக் கிடந்த ரோட்டுப் புழுதியில் மட்டும் ஈரச் சொட்டுகள்.

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. செய்த தப்பு என்னவென்று யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை.

பையைத் திறந்து குஞ்சை எடுத்தான். உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடத்தது. தணலைப் பார்த்துத் தலைமாட்டுக்கு ஓடினான். "அக்கா, தப்புத்தான்க்கா. ஒன் பொருள ஒங்கிட்டயே குடுத்துட்டேன். எடுத்துக்கக்கா. அங்கிட்டு யாரும் ஒனக்கு வேணாம்க்கா." குஞ்சைக் கீழே விட்டான். அது மஞ்சள் நூலை இழுத்துக்கொண்டு நேரே தணலுக்குள் ஓடியது. ஒரே ஒரு கீச்சு. அவ்வளவுதான்.

திரும்பிப் பார்க்காமல் வந்து வண்டியைப் பிடித்தான். காது கொடுத்துக் கேட்டான். ரோட்டில் சத்தம் எதுவும் இல்லை. வெகுதூரம் வரைக்கும் இல்லை.

உதைத்தான். ஒரே உதை. பட்டென்று பற்றிக்கொண்டது.

மாரியாத்தா, காப்பாத்திட்ட தாயே. வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தான். காற்று முகத்தில் அடித்தது. பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. ஊர் விளக்குகள் தெரிந்ததும் தன்னைத்தானே வைதுகொண்டான். துடைத்த பிறகும் பிளக்கில் ஈரம் இருந்திருக்கும். பொறியைப் பார்த்துவிட்டு ஈரத்தைப் பார்க்காமல் விட்டிருப்பான். பெரிய பிட்டர்!

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். வாசற்படியில் அமராவதி உட்கார்ந்திருந்தாள். பின்கட்டிலிருந்து மனைவி காமாட்சியின் குரல் வந்தது. "வந்துட்டீகளா? வெந்நி வச்சிருக்கேன். குளிக்காம புள்ளையத் தொட்றாதீக!"

"தொடல, தொடல." சிரித்துக்கொண்டே எட்ட நின்றான். "ஆத்தா, குஞ்சு கெடைக்கலடா. அடுத்த வாரம் கொண்டாரேன்."

"கெடைச்சிருச்சேப்பா."

அவள் கையை விரித்தாள். ஒரு கோழிக்குஞ்சு. இறகு நுனியெல்லாம் பொசுங்கியிருந்தது. புகை வாடை.

"இத யாரு குடுத்தா?"

"முத்தாள் அத்தை குடுத்தாங்கப்பா. இப்பத்தான். இத நீயே வச்சுக்க, எனக்கு வேணாம்னு சொன்னாங்க."

படியில் தண்ணீர் சொட்டியிருந்தது. மஞ்சள் தண்ணீர்.

குஞ்சின் காலைப் பார்த்தான். நூல் இல்லை.

நூல் அமராவதியின் கணுக்காலில் இருந்தது. ஈரமாக. இரண்டு சுற்று. இறுக்கி முடிச்சுப் போட்டு.

அதன் மறுமுனை படியிறங்கி, அவன் கால்களுக்கு நடுவே ஓடி, தெரு இருட்டுக்குள் போயிருந்தது.

"குளிச்சுட்டுத் தொடுங்க!" உள்ளிருந்து காமாட்சி.

தரையில் தொய்ந்து கிடந்த நூல் மெல்ல எழும்பியது. விறைத்தது. அமராவதி சிரித்துக்கொண்டே, இழுத்த காலை முன்னால் வைத்துப் படியிலிருந்து இறங்கினாள்.