கூப்பிட்ட குரலுக்கு

மதிய வெயில் சன்னலில் சாய்ந்திருந்தபோது, மூளை அலைகளை அளக்கும் டெக்னீஷியன் பெண் தன் கருவியைத் தள்ளிக்கொண்டு வார்டுக்குள் வந்தாள். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து நினைவில்லாமல் கிடந்த தச்சரின் தலையில் பசை தடவி, கம்பிகளை ஒவ்வொன்றாக ஒட்டினாள்.

"மூளை எவ்வளவு விழிச்சிருக்குன்னு திரையில ஓடுற இந்தக் கோடு காட்டும்," என்றாள் அவர் மனைவியிடம். "பழகின குரல்ல கூப்பிடுங்கம்மா."

"என்னங்க..."

கோடு சோம்பலாக நெளிந்தது. அவ்வளவுதான்.

மனைவி கெஞ்சினாள். மகள் தேடுகிறாள் என்றாள். கோபித்துக்கொள்ளக்கூடச் செய்தாள். மருந்து நெடிக்குள் கருவியின் முனகல் மட்டும் கேட்டது.

அப்போது ஒரு பெண்மணி தயங்கி உள்ளே வந்தாள். பக்கத்துக் கட்டிலில் முந்தின நாள் இறந்துபோன இளைஞனின் தாய். மகனுடைய செருப்பை எடுத்துப்போக வந்திருந்தாள். குனிந்தவளுக்குத் தாங்கவில்லை.

"அம்மாவ விட்டுட்டு எங்கடா போன, ராசா?"

கோடு துள்ளியது.

டெக்னீஷியன் திரும்பினாள். "இன்னொரு தடவ சொல்லுங்கம்மா."

"ராசா..."

தச்சரின் இமைகள் துடித்தன.

மனைவி கோட்டையும் அந்தத் தாயையும் மாறிமாறிப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் இவர் இப்படியே கிடப்பார். அந்தத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கூப்பிடுங்கக்கா. எப்படியாவது எழுந்திரிக்கட்டும்."

தாய் கூப்பிட்டாள்.

தச்சர் கண் திறந்தார். பார்வை மனைவியைத் தாண்டிப் போனது.

"செருப்ப ஏம்மா எடுக்கிற? நான் எதப் போட்டுட்டு வீட்டுக்கு வர்றது?"

வந்தவள் அழவில்லை. மெல்ல நெருங்கி, அவர் நெற்றியை வருடத் தொடங்கினாள்.

மருத்துவர் வந்து கண்களில் விளக்கடித்துப் பார்த்தார். "நினைவு திரும்புறப்ப குழப்பம் இருக்கும். போகப்போகச் சரியாயிடும்." மருத்துவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி.

மனைவி குனிந்து, "என்னைப் பாருங்க," என்றாள்.

தச்சர் கூச்சத்துடன் ஒதுங்கிக்கொண்டார்.

"அம்மா, இந்த அக்கா ஏன் அழுறாங்க?"

டெக்னீஷியன் கம்பிகளைக் கழற்றினாள். திரையில் கோடு அடங்கியது. கம்பிகளைக் கொத்தாகப் பிடித்துப் பசையைத் துடைத்தாள்.

எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல், மனைவி சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"என்னங்க... எங்க இருக்கீங்க?"

கோடு எழுந்தது.

டெக்னீஷியனின் கை நின்றது.

கம்பிகள் யார் தலையிலும் இல்லை. அவள் கையில்தான் இருந்தன.